பெரட்டுக்குப் பிந்தி வந்த மீன்

சோலைக்கொம்பு எஸ்டேட்டில் சங்கையாவுக்கு ஏரி வாச்சர் வேலை கிடைத்தபோது வயிறு எரியாதவர்கள் குறைவு. இருபது வருஷம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் சரிவில் நின்று செடியை வெட்டி வெட்டி அவன் வலது முட்டி கழன்றுபோயிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மேனேஜர் துரை அவனை ஏரிக்கு அனுப்பினார். வேலை என்ன? கரையில் உட்கார வேண்டும். துரைமார் வளர்க்கும் டிரவுட்டு மீனுக்குக் காலையும் மாலையும் ஈரலைக் கொத்திப் போட வேண்டும். எவனும் திருட்டுத் தூண்டில் போடாமல் பார்க்க வேண்டும். மழைக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகைகூட உண்டு.

"இந்த எஸ்டேட்டுல கால் நோகாம வேலை பாக்குறது ரெண்டு பேரு. ஒண்ணு துரை, இன்னொண்ணு நம்ம சங்கையா" என்று கங்காணி மொக்கையன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சுகத்துக்கு எழுபத்திநாலாம் வருஷம் தை மாசம் ஆபத்து வந்தது. ஐப்பசியில் ஆயிரம் டிரவுட்டுக் குஞ்சு விட்டிருந்தார்கள். தையில் வலை வீசிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. மேனேஜர் துரை கோட்டயம் பக்கத்துக்காரர். வழுக்கைத் தலை, அளந்த பேச்சு.

"மீன் எவிடே போச்சு சங்கையா?"

"பெருவாயன் தின்னுருச்சு துரை."

பெருவாயன் என்பது முன்னே இருந்த வெள்ளைக்காரத் துரை எங்கிருந்தோ டப்பாவில் கொண்டுவந்து ஏரியில் விட்ட மீன். பாஸ் என்று அவர் சொன்ன பேர் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனத்துக்கு ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் அரைமூடித் தேங்காய் உள்ளே போகும் என்று பார்த்தவர்கள் சொன்னதால் பெருவாயன் ஆகிவிட்டது.

"அதெல்லாம் செத்துப்போயி வருஷம் கொறே ஆச்சு" என்றார் துரை. "ரெண்டு கால் உள்ள பெருவாயனாக்கும் இது. சனிக்கிழமை காலையில வருவேன். அந்த மீனைப் பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை நீ கவ்வாத்துக்குப் போ."

அன்று திங்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் பெண்சாதி பூமாரி கொழுந்துக் கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டுக் கவ்வாத்துக்குப் போனா உருண்டுபோயி ஆத்துலதான் நிப்பீக. திருடன்னு பேரு வேற. போயி அந்த மீனப் பிடிங்க. ராத்திரிக்குக் கஞ்சி அதுக்கப்புறம்தான்."

கஞ்சி ஊற்றத்தான் செய்தாள். ஆனால் முகம் இளகவில்லை.

செவ்வாய் முழுக்கச் சங்கையா மண்புழுவைக் கோத்துப் போட்டான், தவளையைக் கோத்துப் போட்டான். விரல் நீளப் பொடிமீன்தான் மாட்டியது. சாயங்காலம் பாறை ஓரத்தில் தண்ணீர் ஒருதரம் புடைத்தது. சாண் நீள டிரவுட்டு ஒன்று இருந்த இடத்தில் சுழி மட்டும் மிச்சம். அவன் கண்ணால் பார்த்தான். விருந்துச் சோறு பக்கத்திலேயே கிடக்கையில் மண்புழுவைத் தின்னப் பெருவாயன் ஏன் வரப்போகிறான் என்று அப்போதுதான் உறைத்தது. டிரவுட்டைக் காட்டினால்தான் வருவான். ஆனால் ஒரு டிரவுட்டைத் தொட்டாலும் திருடன் பட்டம் நிலைத்துவிடும். ஆக, டிரவுட்டைச் செய்ய வேண்டியதுதான்.

டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த ஆசீர்வாதம் அவனுக்குக் கூட்டாளி. நிழலுக்கு நின்ற முள்முருங்கையில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு சங்கையா அவனிடம் போனான்.

"மீனு செய்யணும்யா. மரத்துல."

"தேருக்கா, தொட்டிலுக்கா?"

"வெளையாடாத. என் பொழப்பு தொங்குது."

ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டே சீவ ஆரம்பித்தான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை மேலே சுற்றினார்கள். அசல் செதில்போல மின்னியது. பெட்டியில் எஸ்டேட் பேர் குத்துகிற சிவப்பு மையைத் தொட்டு விலாவில் ஒரு கோடு இழுத்தார்கள். டிரவுட்டுக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் அடையாளம். மூன்று தூண்டில் முள்ளைச் சேர்த்துக் கட்டி வயிற்றில் தொங்கவிட்டார்கள். தூண்டில் கம்பெல்லாம் கிடையாது. பால்பவுடர் டப்பாவில் சுற்றிய நைலான் கயிறு, அதைக் கையால் எறிந்து கையால் இழுப்பது.

புதன்கிழமை எறிந்தான். மரமீன் மல்லாந்து படுத்து மிதந்தது. காலையில் ஆளை எண்ணி வேலைக்கு அனுப்பிவிட்டு வந்த மொக்கையன் கரையில் நின்று பார்த்தான்.

"என்னய்யா, உம்ம மீனுக்கு மயக்கமா? சோடா வாங்கியாரட்டா?"

சங்கையா கயிற்றை டப்பாவில் சுற்றினான். மறுபடியும் ஃபேக்டரிக்கு நடந்தான். ஆசீர்வாதம் மீனை மூன்று துண்டாக அறுத்தான். மிஷினில் ஓடித் தேய்ந்த தோல்பெல்ட்டில் கீற்று வெட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தான். அடிவயிற்றைக் குடைந்து ஈயம் உருக்கி ஊற்றினான். வியாழன் காலையில் தண்ணீருக்குள் போன அந்த மரக்கட்டை இடுப்பை ஆட்டிக்கொண்டு நீந்தி வந்ததைப் பார்த்துச் சங்கையாவுக்கே மேல் சிலிர்த்தது.

நீந்தி என்ன? பெருவாயன் வந்தான். மரமீனுக்குப் பின்னாலேயே கரைவரை வந்தான். பெண் பார்க்க வந்தவன் மனசுக்குப் பிடிக்காமல் திரும்புகிறமாதிரி திரும்பிப் போனான். அன்றைக்கு ஏழுதரம் இப்படி. ராத்திரி பூமாரி, "கடிச்சானா?" என்று கேட்டாள். "மோந்து பாத்தான்" என்றான். அவள் மூலையில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் துடைத்து வைத்தாள். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் காலை, ஈரல் போடும் நேரம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் விடிந்ததும் தப்படிப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் களத்துக்கு ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பேர். பிந்தி வந்தவனைக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான். இருபது வருஷம் அதிலேயே ஊறிய சங்கையா ஏரிக்கு வந்ததும் மீனுக்கும் ஒரு பெரட்டு வைத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை, அவனாக வைத்ததுதான். பிஸ்கட் தகரத்தைப் பத்துத் தட்டு தட்டுவான். டிரவுட்டெல்லாம் கரைக்கு ஓடிவரும். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அன்றும் தட்டினான். மீன்கள் வந்து கும்மியடித்தன. வழக்கமாக அவன் அந்தக் கூட்டத்தைத்தான் பார்ப்பான். இன்றைக்கு, வேறு வழி தெரியாமல், பாறையைப் பார்த்தான். பாறை நிழலில் பச்சைக் கறுப்பாக ஒரு முதுகு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீன்கள் வருகிற வழியைப் பார்த்து நின்றது. எல்லாம் வந்தபிறகு தூரத்திலிருந்து ஒரே ஒரு டிரவுட்டு பிந்தி வந்தது. பொளக். ஆள் இல்லை.

சங்கையாவின் கையிலிருந்து தகரம் நழுவியது.

"அடப்பாவி, நானேயில்ல தட்டித் தட்டி உனக்குப் பந்தி வச்சிருக்கேன்!"

தகரத்தைப் பொறுக்கி எடுத்துக் கவிழ்த்து வைத்தான். பிறகு மெல்ல மெல்ல இன்னொன்றும் புரிந்தது. மரமீனை அவன் போலீசைக் கண்டு ஓடுகிறவனைப்போல விறுவிறுவென்று இழுத்திருக்கிறான். அதுவும் தகரம் தட்டாத நேரத்தில். பெரட்டுக்குப் பிந்தினவன் அப்படியா வருவான்? முட்டி போனபிறகு எத்தனை நாள் அவனே பிந்திப் போயிருக்கிறான்! நாலு எட்டு வைப்பான், கங்காணி பார்க்கிறானா என்று நிற்பான், இன்னும் ரெண்டு எட்டு, மறுபடி நிற்பான். அந்த நடை அவனுக்குத் தெரிந்தமாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை துரை வந்தபோது ஏரிமேல் பனி இன்னும் விலகவில்லை. பின்னாலேயே வேடிக்கை பார்க்க மொக்கையன். ஆசீர்வாதத்தைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து தகரத்தைக் கையில் கொடுத்திருந்தான் சங்கையா.

"எங்கே மீன்?" என்றார் துரை.

"ஒரு நிமிசம் துரை. தட்டுய்யா!"

ஆசீர்வாதம் தட்டினான். டிரவுட்டுகள் வந்தன. ஈரல் விழுந்தது. சங்கையா மனசுக்குள் இருபது எண்ணிவிட்டு மரமீனைத் தூரமாய் எறிந்தான். கொஞ்சம் இழுத்தான். நிறுத்தினான். இன்னும் கொஞ்சம். நிறுத்தினான்.

"உம்ம மீனுக்கும் முட்டிவலியா?" என்றான் மொக்கையன்.

பாறைக்கு நேரே வந்ததும் கயிறு சட்டென்று விறைத்தது. சங்கையா இழுக்க, அது இழுக்க, உள்ளங்கையைக் கயிறு அறுத்தது. முட்டி மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் நல்லதாய்ப்போயிற்று, குதிகாலைக் கல்லில் முட்டுக்கொடுத்து இழுத்தான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை எழும்பியது. தலை எங்கே, வாய்தான். உள்ளே மரமீனின் வால் மட்டும் தெரிந்தது. ஆசீர்வாதம் தகரத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிச் செவுளில் கைவிட்டுத் தூக்கினான். நாலு கிலோவுக்குக் குறையாது.

"எண்டம்மே!" என்றார் துரை.

கத்தியால் வயிற்றைக் கீறினார்கள். ரெண்டு டிரவுட்டு முழுசாக, ஒன்று பாதி கரைந்து. மொக்கையன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் சங்கையாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் துரை அவன் தோளில் கைவைத்து, "நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு எம்மேலயும் இருக்கு துரை. நான் தகரம் தட்டிப் பழக்குனேன். அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் இவனும் சாப்பிட வந்துருக்கான். பாதி மீனுக்கு நான்தான் எமன்."

ஆசீர்வாதம் பல்லைக் கடித்தான். துரை மீனைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், சங்கையாவைப் பார்த்தார்.

"இவன் ஒருத்தனா, இன்னும் உண்டா?"

"பாறைக்கு அந்தப் பக்கமும் சுழி அடிக்குது துரை. நாலஞ்சாவது இருக்கும்."

"சரி. அதெல்லாம் பிடிக்கிறவரைக்கும் தட்டு. அப்புறம் தகரத்தைத் தூக்கிப் போட்டுரு."

"அப்ப திங்கக்கிழமை நான் எங்க வரணும் துரை?"

துரை பெருவாயன் வாயிலிருந்து மரமீனைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அதைத் தண்ணீரில் அலம்பி, தோல் இணைப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, கயிற்றைக் கையில் சுற்றினார். தலைக்குமேல் ஒரு சுழற்று. மரமீன் ஏரிக்குப் போகாமல் பின்பக்கமாய்ப் பறந்து கொட்டகைக் கூரையில் மாட்டிக்கொண்டது.

"மெதுவா துரை, மெதுவா" என்று நொண்டிக்கொண்டே ஓடினான் சங்கையா. "கல்லு எறியிற மாதிரி எறியக் கூடாது. தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டி விடணும்."

"ஓ, அங்ஙனெயா?" துரை வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நீ திங்கக்கிழமை கொஞ்சம் நேரத்தோட இங்கேயே வந்துரு. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு இது படிக்கணும்."