தம்பி கூப்பிட்ட நாள்

சோளம் அறுத்துக்கொண்டிருந்தபோது அடிவாரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. அரிவாளைப் போட்டுவிட்டு, முதுகில் கட்டிய குழந்தையோடு மலைமேல் ஓடினேன். என் கணவரின் மூத்த மனைவி குவே எனக்கு முன்னால் ஓடினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்து. ஆடு நுழையும் அளவுதான். எப்படி நுழைந்தோமோ தெரியாது.

ஊர் ஊராய்ப் புகுந்து ஆட்களைப் பிடித்துப்போகும் துப்பாக்கிக்காரர்கள், எல்லா ஊர்க்காரர்களும் சந்தையில் பேசும் பொது மொழியில்தான் அதட்டுவார்கள். எங்கள் ப்சிக்யே பேச்சு இந்த மந்தரா மலைகளைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. அது காதில் விழுந்தால் நம்மவர்தான் என்று மூச்சு விடலாம். அன்றுவரை அப்படித்தான்.

குழந்தை சிணுங்கியது. மார்பை வாயில் திணித்தேன். பயத்தில் பால் சுரக்கவில்லை.

"எல்லாரும் இறங்கி வாங்க! அவங்க போயிட்டாங்க!"

எங்கள் மொழி. அதுவும் என் தம்பி டெலியின் குரல். போன அறுவடையில் அவனைப் பிடித்துப் போனார்கள். செத்துவிட்டான் என்று அழுது முடித்திருந்தோம்.

"அக்கா, டெலி! உயிரோட இருக்கான்!"

குவே என் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. தனியா வந்திருந்தா ஏன் அங்கயே நிக்கிறான்? மேல ஓடி வந்திருக்க மாட்டானா?"

"என் தம்பி என்னை ஏமாத்துவானா?"

"அவன் முதுகுல துப்பாக்கிய வெச்சிருந்தா?"

எழப் பார்த்தேன். இழுத்துத் தள்ளி, என் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கீழ்ப்பாறைகளிலிருந்து சிலர் இறங்கும் சத்தம். ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள். "டெலியா? அடப்பாவி, இப்படி இளைச்சிட்டியே!" உடனே சந்தை மொழியில் ஒரு அதட்டல். அவளுடைய அலறல்.

டெலி மறுபடி கூப்பிட்டான். இந்த முறை என் பெயரை. "குவாரம்பா! அக்கா! எங்க இருக்க? வா அக்கா!"

குழந்தையின்மேல் கவிழ்ந்து என் கையையே கடித்துக்கொண்டேன். குவே என் கால்களை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

துப்பாக்கிக்காரர்களின் மோட்டார் சைக்கிள்கள் போன பிறகும், பொழுது சாயும்வரை நாங்கள் அசையவில்லை. இறங்கியபோது வயல் எரிந்துகொண்டிருந்தது. சிரித்தவளும் அவள் மகள்களும் இல்லை. டெலியும் இல்லை.

"அவனா விரும்பித்தான் கூப்பிட்டானா அக்கா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"தெரியலடி," என்றாள் குவே.

நேற்று யாரோ பாதையிலிருந்து எங்கள் பேச்சில் என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையை வாரிக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

"நான்தான்டி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கொஞ்சம் உப்பு குடு."

எழுந்து வர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.