பேர் சொல்ல நீளமான பாட்டு

ஹரிஷ்குமாருக்கு வீட்டில் சௌராஷ்டிரம், ஜவுளிக்கடையில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் புரோகிரஸிவ் ராக் என்கிற மேல்நாட்டு இசை. திருப்பரங்குன்றத்துச் சமுதாய வானொலியில் அவன் நடத்தும் ஒரு மணி நேரத்தில் ரெண்டு பாட்டு முடிந்தாலே பெரிய விஷயம். கிடார் எங்கோ கிளம்பிப் போய், ஆர்கன் அதைத் தேடிப் போய், டிரம்ஸ் ரெண்டையும் கூட்டிக்கொண்டு வருவதற்குள் குக்கரில் சோறு வெந்துவிடும். அவன் மனைவி ஸ்ரீவர்ஷினி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மிக்ஸியைப் போடுவாள்.

மற்ற நிகழ்ச்சிகளில் நேயர்கள் போன் போட்டு, பாட்டு ஓடும்போதே வீட்டில் உள்ளவர்கள் பேரையெல்லாம் சொல்லி வாழ்த்துவார்கள். ஹரிஷ்குமார் நிகழ்ச்சியில் அந்தப் பேச்சே கிடையாது. பாட்டின்மேல் பேசுவது சாப்பாட்டு இலையில் கை கழுவுகிற மாதிரி என்பான்.

அன்றைக்கு நிலையப் பொறுப்பாளர் நாகஜோதி வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, உங்களுக்கு இதுவரைக்கும் ஒரு போன்கூட வரல. இன்னைக்காச்சும் ஒண்ணு வரணும். இல்லைன்னா அடுத்த வாரத்துல இருந்து இந்த நேரத்துல ஆடு வளர்ப்பு."

ஹரிஷ்குமாருக்கு ஆடுகள் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் இந்த இசையைப் பற்றி வாய்விட்டுப் பேச அவனுக்கு மதுரையில் வேறு இடம் கிடையாது. தனக்கு உயிரான பாட்டையே எடுத்தான். மாதம் தவறாமல் போடுகிற, சீக்கிரத்தில் முடியாத பாட்டு. அது பாதி ஓடுமுன் போன் அடித்தது.

"தம்பி, பரவை மார்க்கெட்டுல இருந்து அன்னக்கொடி பேசுறேன். பேரனுக்குக் காதுகுத்து. பேரு சொல்லணும்."

"அக்கா, இதுல வாழ்த்தெல்லாம் கிடையாதுக்கா..."

"அப்படிச் சொல்லாதீக. மத்த நிகழ்ச்சியில நாலு பேரு சொல்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுருச்சுன்னு போன வச்சுர்றாக. போன தடவ எங்க நாத்தனா பேரு விட்டுப்போயி, இன்னும் என்கூடப் பேசல. உங்க பாட்டுலதான் எங்க சாதிசனம் மொத்தமும் அடங்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகஜோதி கையெடுத்துக் கும்பிட்டாள். ஹரிஷ்குமார் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

அன்னக்கொடி முதலில் நாத்தனாரைச் சொன்னாள். அப்புறம் அருள்பாண்டி, சங்கிலி, பவதாரிணி, பவதாரிணியின் மாமனார் வீடு. ஆர்கன் அடியில் கிடந்து முனகியது. ஹரிஷ்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்து, அந்தப் பாட்டிலேயே அவன் உயிரை வைத்திருக்கும் இடம் வரப்போகிறது. அதன்மேலும் யாராவது ஒரு சித்தப்பா வந்து உட்காரத்தான் போகிறார்.

"அப்புறம் மொக்கையன் சித்தப்பா... தம்பி, இருங்க, இருங்க. சத்தத்தக் கூட்டுங்க."

"என்னக்கா?"

"இப்ப அந்தக் கிடாரு ஒத்தையில அழுகுமுல்ல, அந்த எடம் வருது. அது முடியட்டும். மிச்சத்த அப்புறம் சொல்றேன்."

அவன் சத்தத்தைக் கூட்டினான். பரவையில் ஒருத்தி, இங்கே ஸ்டுடியோவில் ஒருத்தன், ரெண்டு பேரும் போனைப் பிடித்தபடி கேட்டார்கள். கிடார் அழுது ஓய்ந்தது.

"ம், இப்பக் குறைங்க தம்பி. மொக்கையன் சித்தப்பா வீட்டுலயே நெறைய ஆளு."

"ஒருத்தரையும் விட்டுறாதீகக்கா," என்றான் ஹரிஷ்குமார். "இது முடிஞ்சா இன்னொரு பாட்டு இருக்கு."