இருபத்து மூன்றில் சத்தம் வரவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போதாக்குறைக்கு வாயும் நீளம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் அக்காவைக் கேட்டால் தெரியும். கேட்கலாம்தான், ஆனால் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி நாலு மாதமாகிறது.

இதில் கூத்து என்னவென்றால், நாங்கள் இருவரும் ஒரே வேலை பார்க்கிறோம், அதுவும் ஒரே அறையில். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கம்ப்யூட்டர்களில் பழையதை அழித்துப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுப்போம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்தால் விடுமுறை முடிந்துவிடும். அதனால் ஒரு மெஷினை மாதிரியாக எடுத்து, வேண்டியதை எல்லாம் அதில் போட்டு, அதை அப்படியே முழு நகலாக, அதாவது இமேஜாகப் பிடித்து சர்வரில் வைப்போம். அங்கிருந்து நெட்வொர்க் வழியாக நாற்பது மெஷினுக்கும் ஒரே நேரத்தில் இறக்கிவிடலாம். மாதிரியில் இருப்பது அச்சுப் பிசகாமல் நாற்பதிலும் வந்து உட்கார்ந்துவிடும். மாதிரியைத் தயார் செய்வது நான், கடைசியில் ஒவ்வொன்றாகச் சோதிப்பது அக்கா.

அத்தான் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. நாலு மாதத்துக்கு முன்னால், நான் கட்டிய கேபிளை அக்கா குறை சொன்னாள். வெறும் கேபிள். அதற்குப் போய், "உன்கூட எவன் குடும்பம் நடத்துவான்? அத்தான் ஓடினதுல ஆச்சரியமே இல்ல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அன்றிலிருந்து வேலைப் பேச்சு மட்டும்தான், அதுவும் மூன்றாவது ஆள் வழியாக. சாயங்காலம் கிளம்பும்போது "வரேன்" என்று சொல்வதுகூட நின்றுபோய், பையை மாட்டிக்கொண்டு சுவரிடம் "போறேன்" என்பாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. ஒவ்வொரு நாளும் எனக்குச் சுருக்கென்று குத்தும்.

இந்தப் பள்ளியில் அந்த மூன்றாவது ஆள், சாவிக் கொத்தோடு அலையும் காவலாளி.

"மேடம், உங்க அக்கா பெரிய ஸ்க்ரூடிரைவர் கேக்கறாங்க."

அக்கா பத்தடி தள்ளித்தான் இருந்தாள். "இந்தாங்க, அவங்ககிட்டயே குடுங்க."

"நல்ல குடும்பம்மா நீங்க. சாவிய விட்டுட்டு இதுக்கே நான் சம்பளம் வாங்கலாம் போல." அவர்தான் காலையில் இன்னொரு சேதியையும் போட்டு உடைத்தார். "அக்கா சாயங்கால பஸ்ல வேற ஊருக்குப் போறாங்களாமே, காலேஜ் வேலைக்கு? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இதுதான் நாங்கள் சேர்ந்து வேலை செய்யும் கடைசி நாள். அதற்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால், நான் சொன்ன அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் பஸ் ஏறுவாள். கேட்க வேண்டியது இரண்டே வரிதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்து அறைக்குப் போய் மாதிரி மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மாதிரியில் கடைசி வேலை மைக் சோதனை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசிப் பதிவு செய்து, 'சத்தம்' என்ற பெயரில் முகப்பிலேயே வைப்பேன். அக்கா ஒவ்வொரு மெஷினிலும் ஹெட்போனைச் செருகி அதைக் கேட்டுப் பார்த்து டிக் போடுவாள். அன்று அறையில் நானும் மைக்கும் மட்டும்தான். என்ன தோன்றியதோ, எண்ணுவதற்குப் பதிலாக வேறு ஏதோ பேசினேன். பேசி முடித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் காவலாளி வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பத்து நிமிஷத்துல கரண்ட் போகுமாம். முடிக்கறதா இருந்தா இப்பவே முடிச்சிடுங்க."

அவசர அவசரமாக இமேஜைப் பிடித்து சர்வரில் ஏற்றினேன். கரண்ட் போய் வந்த பிறகு நாற்பது மெஷினுக்கும் அனுப்பினேன். கவிழ்த்து வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் நாற்பது திரையிலும் கோடுகள் நகர்ந்து நூறைத் தொட்டன. அக்கா ஹெட்போனோடு ஒன்றாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். நான் ஒயர் சுற்றப் பக்கத்து அறைக்குப் போனேன். பாதி சுற்றும்போதுதான் உறைத்தது. 'ஒண்ணு ரெண்டு மூணு' நான் பேசவே இல்லை!

ஒயரைக் கீழே போட்டுவிட்டு மாதிரியில் 'சத்தம்' கோப்பைத் திறந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா. அத்தான் போனதுக்கு நீ காரணமில்ல. எனக்கு வாய்க்கொழுப்பு. என்ன விட்டுட்டுப் போயிடாத." கடைசியில் ஒரு மூக்குறிஞ்சல் வேறு. மொத்தம் பதினோரு விநாடி.

ஓடினேன். அக்கா ஒன்பதாவது மெஷினில் இருந்தாள். தாளில் எட்டு டிக் விழுந்திருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வழக்கமாக 'ரெண்டு' காதில் விழுந்ததுமே ஹெட்போனைக் கழற்றுகிறவள், இப்போது அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மனதுக்குள் எண்ணினேன். பதினோரு விநாடி முடிந்ததும் டிக் போட்டுவிட்டுப் பத்துக்கு நகர்ந்தாள். அங்கேயும் பதினோரு விநாடி.

"அக்கா, ஃபைல் மாறிப்போச்சு. சர்வர்லேருந்து ஒரு கமாண்ட் குடுத்தா எல்லாத்துலயும் அழிஞ்சிடும்."

"டெஸ்ட் பாதியில இருக்கு" என்றாள், தாளைப் பார்த்தபடி. நாலு மாதத்தில் மூன்றாவது ஆள் இல்லாமல் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து, பதினெட்டு, இருபது என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் மானம் ஒவ்வொரு மேஜையிலும் பதினோரு விநாடி ஓடியது. கோபம்கூட வந்தது, எனக்குத்தான் எதற்கும் வருமே. இருபத்து மூன்றில் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இதுல சத்தம் வரல."

"ஜாக் லூசா இருக்கும். தா, பாக்கறேன்."

"வேணாம். என்ன இருக்குன்னு நீயே வாயால சொல்லு. கேட்டுட்டு டிக் போட்டுக்கறேன்."

என்னை நேராகப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. சொன்னேன். இப்போது பதினோரு விநாடி போதவில்லை. திக்கித் திணறி, பாதியில் அழுது, வாசலில் காவலாளி நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி அழுது, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் சத்தமில்லாமல் நழுவிப் போனார்.

அக்கா பேனாவைத் திருகிக்கொண்டே சொன்னாள். "உன் அத்தான் போனது எனக்குமே ஆச்சரியமில்லடி. வேற யாராவது அத சொல்லியிருந்தா போடின்னு போயிருப்பேன். நீ சொன்ன பாரு, அதான் தாங்கல."

"போகாதக்கா."

"காலேஜுக்கு வரேன்னு சொல்லியாச்சு. போய்த்தான் ஆகணும்." டிக் போட்டுவிட்டு இருபத்து நாலுக்கு நகர்ந்தாள். மிச்சம் பதினேழையும் முழுசாகக் கேட்டாள். நான் தடுக்கவில்லை.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கோப்பை அழிப்பதற்கு முன்னால் இருபத்து மூன்றைச் சரிசெய்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். மூடியைக் கழற்றும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று ஹெட்போனைச் செருகினேன். என் குரல், என் மூக்குறிஞ்சல், எல்லாம் இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது.

"அக்கா! இதுல நல்லாத்தானே கேக்குது?"

"அப்பிடியா?" என்றாள், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "இப்ப சரியாயிருக்கும்."

கோப்பை நாற்பதிலும் அழித்தேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, திரும்பினாள்.

"வரேன்டி" என்றாள்.