தரையிலிருந்து ஒரு சாண்

கமரினா நகரத்தில் பேச்சுக்கலை ஆசிரியன் தெலெசிப்போஸ் பேசுவதைக் கேட்டு மனம் ஒப்பியவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். அவன் எழுதித் தந்ததை மாணவர்கள் பிசகாமல் ஒப்பித்தாலும் கேட்பவர்களுக்கு அப்படித்தான். கழன்று விழும் செருப்புகள் வழியை அடைக்கின்றன என்பதைத் தவிர சந்தைக்காரர்களுக்கு இதில் குறையில்லை. ஊரை ஆண்ட கொடுங்கோலனை விரட்டியடித்த பிறகு, அவன் பிடுங்கிய நிலங்களைக் கேட்டு ஊரே வழக்குமன்றத்தில் நின்றது. வழக்காடுபவன் தன் வாயால்தான் பேசவேண்டும் என்பது சட்டம். அதனால் பேச்சு சொல்லித்தருபவனின் வாசலில், மீன்காரன் கடையைவிடக் கூட்டம்.

அந்த வசந்தத்தில் குதிரை வளர்க்கும் செல்வந்தன் தமாரியோஸ், கொடுங்கோலனிடம் தான் வாங்கியிருந்த ஆலிவ் தோப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் உரை கேட்டான். தெலெசிப்போஸ் எழுதியவற்றிலேயே அழகானது அதுதான். மூன்று நாள் கழித்து கரி சுடும் மிக்கியோன் வந்தான். அதே தோப்பு, அவன் அப்பாவிடமிருந்து பிடுங்கப்பட்டது. அவனுக்குத் திக்குவாய் வேறு. இரண்டு பக்கமும் பேசத் தெரிவதுதான் தன் கலைக்குப் பெருமை என்று சொல்லிக்கொண்டு தெலெசிப்போஸ் அவனையும் சேர்த்துக்கொண்டான். ஒரு மாதமாகியும் மிக்கியோனின் நாக்கு முதல் வரியைத் தாண்டவில்லை.

“வாத்தியாரே, இது எ... என் வாய்க்குப் பெரிசு.”

“தோப்பு வேணுமா, வேண்டாமா? இன்னொரு தடவ சொல்லு.”

வழக்கன்று தமாரியோஸ் பேசி முடித்தபோது நடுவர்கள் எல்லோரும் அந்தரத்தில் இருந்தார்கள். கூட்டத்தில் நின்ற தெலெசிப்போஸ் முதன்முறையாகத் தன் வெற்றியைப் பார்க்காமல் மிக்கியோனைப் பார்த்தான். மிக்கியோன் எழுந்தான். பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

“கரி பத்திக்க நேரமாகும், பொறுங்கப்பா!” என்று யாரோ கத்த, மன்றமே சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மிக்கியோன் சொன்னான்: “மே... மேற்கு வேலியோரம் ஒரு மரம் சாஞ்சு நிக்கும். கன்னா இருந்தப்ப ஆடு கடிச்சிருச்சு. எங்கப்பா இடுப்புக் கச்சைய அவுத்து அதுக்குக் கட்டுனாரு. அந்தத் துணிய மரம் முழுங்கிருச்சு. வெ... வெட்டிப் பாத்தா இப்பவும் உள்ள இருக்கும். ஆனா வெட்டிராதீங்க.”

நடுவர்கள் ஒவ்வொருவராகத் தரைக்கு வந்தார்கள். அவன் திக்கித் திக்கி அடுத்த மரத்தைச் சொன்னான், அதற்கடுத்ததைச் சொன்னான். வெயில் சாய்ந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் தமாரியோஸைப் பார்த்து, “கெணத்தடி மரம் ஏன் ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் காய்க்குதுன்னு உங்களுக்குத் தெ... தெரியுமாய்யா?” என்றான்.

தமாரியோஸ் விரல்விட்டு மரங்களை எண்ணப் பார்த்துக் கைவிட்டான். “எது கெணத்தடி மரம்னே எனக்குத் தெரியாதுப்பா,” என்றான். சொல்லி வாய் மூடுமுன் அவன் கால் தரையை விட்டது. ஒரு சாணில் நிற்கவில்லை. மன்றத்தின் ஓட்டுக்கூரை உயரத்துக்குப் போனான். பின்னாலேயே நடுவர்களும் எழுந்தார்கள். வாக்குக் கற்களைக் கீழிருந்து தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தோப்பு மிக்கியோனுக்குத் திரும்பியது. அதன்பின் தெலெசிப்போஸ், வழக்கிலுள்ள நிலத்தில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வராத எவனுக்கும் ஒரு சொல்கூடக் கற்றுத்தரவில்லை. நடுவர்கள் அன்று மாலையே இறங்கி வீடு போனார்கள். தமாரியோஸ் இறங்கவில்லை. அவன் மனைவி வாற்கோதுமை ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் நீளக் கழியில் குத்தி மேலே நீட்டப் பழகிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் தோப்புப் பக்கம் மிதந்து வந்த அவனை மிக்கியோன் அண்ணாந்து பார்த்து, “மேல சு... சும்மாதான இருக்கீங்க? உச்சிக் கிளைய மட்டும் கொஞ்சம் பறிச்சுக் குடுங்களேன்,” என்றான்.

தமாரியோஸ் ஒரு கூடை கேட்டான்.