இருபத்திரண்டாம் வாரத்து ஷாக் அப்சர்பர்

காப்பாற்ற முடிந்த பல்லைத் தான் ஒரு நாளும் பிடுங்கியதில்லை என்று பல் டாக்டர் எல்லோரிடமும் சொல்வார். ஊரே அவரிடம் வாயைத் திறந்தது, அவருடைய மாமனாரைத் தவிர. கடைவாய்ப் பல் வலித்தால் கிழவர் இரண்டு பஸ் மாறி வேறொரு டாக்டரிடம் போவார். அந்த பஸ் மாப்பிள்ளையின் கிளினிக் வாசலைத் தாண்டித்தான் போகும். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டருக்கு மானம் போய்விடும்.

ஒரு நாள் கிழவரே இறங்கி வந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் புதிதாக வாங்கி, இப்போது ஷெட்டில் கிடக்கும் தன் காரைக் காட்டினார்.

"இதைக் கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியே பண்ணிக் காட்டுங்க மாப்பிள்ளை. பழைய கார் கண்காட்சில ஷீல்டு வாங்கிட்டா, உங்க நாற்காலில வந்து நானே வாயைத் திறக்கறேன்."

டாக்டர் விடுவாரா? மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே அவருக்கு இல்லை. முடிந்த பிறகு பார்த்து அசந்து போகட்டும் என்று மாமனாரை ஷெட் பக்கமே விடவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் ஒரு நாள் குரல் கொடுத்தார். "சார், நாலு ஷாக்கும் ஒரிஜினல்தான் போல. நட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல."

டாக்டர் நம்பவில்லை. வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தானும் அடியில் நுழைந்தார். ஷாக் அப்சர்பரின் அடிப்பாகத்தில், அது தயாரான வாரமும் வருடமும் குத்தியிருந்தன. வருடம் சரி. ஆனால் இருபத்திரண்டாம் வாரம். கார் தயாரானதைக் குறித்துக் கம்பெனி அடித்த தகட்டிலோ பதினான்காம் வாரம்.

"வண்டி பொறந்து எட்டு வாரம் கழிச்சு செஞ்ச ஷாக், பொறக்கும்போதே எப்படிப்பா வண்டில இருக்கும்? எவனோ மாத்திட்டான்."

"பெரியவர ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்?"

"நேத்து சாப்பிட்டதே அவருக்கு ஞாபகம் இல்ல. நம்பர் பொய் சொல்லாது."

நான்கையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று. பிறகு பொருத்தமானவற்றைத் தேடி டாக்டர் நாயாய் அலைந்தார். எழுதாத கடிதம் இல்லை, கெஞ்சாத கடைக்காரர் இல்லை. கடைசியில் மூடிக் கிடந்த ஒரு கிடங்கில், எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல் நான்கு கிடைத்தன. அதே வருடம், பன்னிரண்டாம் வாரம். அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சியில் நடுவர் டார்ச்சோடு குனிந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "ஷாக் அப்சர்பர்லகூட தேதி பாத்துப் போட்டிருக்கீங்களே! முழு மார்க்." ஷீல்டு கைக்கு வந்தது.

மாமனார் மெல்லக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"பழைய ஷாக் எங்க மாப்பிள்ளை?"

"அது ஒரிஜினல் இல்ல மாமா. வண்டிக்கு எட்டு வாரம் பின்னாடி செஞ்சது."

"பின்னாடிதான் வந்துச்சு. அந்த வருஷம் ஷாக் செய்யற எடத்துல ஸ்ட்ரைக். தகடெல்லாம் அடிச்சு, ஷாக் மட்டும் இல்லாம, என் வண்டி ரெண்டு மாசம் கம்பெனி மைதானத்துல நின்னுச்சு. வாராவாரம் போய்ப் பாத்துட்டு வருவேன். கடைசில என் கண்ணு முன்னாடிதான் மாட்டினாங்க."

டாக்டர் கையிலிருந்த ஷீல்டைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

வெயிலில் நின்றதாலோ என்னவோ, கிழவரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. டாக்டர் ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதறினார். "பல்லா? நம்ம கிளினிக் போயிடலாம் மாமா. சொன்ன சொல்லு இருக்கே."

"கம்பெனிலேர்ந்து வந்த மாதிரின்னு சொன்னேன். நீங்க நல்லா இருந்ததைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணை வெச்சிருக்கீங்க."

அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, கிளினிக் மேஜையில் ஷீல்டு பளபளத்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ் போனது. ஜன்னலோரம், கன்னத்தில் கை வைத்தபடி கிழவர்.