பீட்ரூட் சாறு தாண்டாத டப்பா

என் மனைவி பிர்கிட்டே இறந்த பிறகு வந்த இலையுதிர்காலத்தில், எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தவை செவ்வாய்க்கிழமைகள்தான். மகள் ஆல்பர்ட்டேவுக்கு ஹேண்ட்பால், மகன் வில்லட்ஸுக்கு நீச்சல். முன்பெல்லாம் பிர்கிட்டே வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, இருவருக்கும் சூடாகச் சாப்பாடு போட்டு அனுப்புவாள். எனக்கோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடவே நேரம் சரியாக இருந்தது. சாப்பாடு காரிலேயே நடந்தது.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று, அறை அறையாகத் தடுத்த டப்பாக்கள் வாங்கினேன். ஓர் அறையில் ஈரல் விழுது தடவிய ரை ரொட்டி, பக்கத்தில் வெள்ளரி, இன்னொன்றில் வினிகரில் ஊறவைத்த பீட்ரூட். பீட்ரூட் இல்லாமல் ஈரல் விழுதை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தடுப்புகள் மூடியைத் தொடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வண்டி வளைந்த ஒவ்வொரு திருப்பத்திலும் சாறு தாண்டித் தாண்டி, ரொட்டி சிவந்து கூழாகிவிட்டது. ஆல்பர்ட்டே ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போய், ஆட்டத்தின் நடுவே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த வாரத்துலேர்ந்து நான் போகலப்பா. தம்பி மட்டும் போகட்டும். உனக்கும் ஒரு அலைச்சல் குறையும்."

அவள் பந்தைத் தொட ஆரம்பித்ததே பிர்கிட்டேயுடன்தான். சனிக்கிழமை, ஒரு பாட்டில் ஊறவைத்த பீட்ரூட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருவரையும் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்னாடி தொட்டி இருக்கு. கொட்டினா நீங்கதான் துடைக்கணும்" என்றாள்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் அறையில் சாறு ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் சாறு பக்கத்து அறைக்குத் தாண்டியது. வில்லட்ஸ் ஏழு அறை வைத்த ஒன்றைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"அது சாப்பாட்டு டப்பா இல்லடா, ஆணி போட்டு வைக்கிறது" என்றாள் அக்காக்காரி.

கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து கடைக்காரப் பெண் ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம், இரண்டே அறை. ஆனால் மூடியில் இரண்டு அறைக்கும் தனித்தனி ரப்பர் வளையம். ஓர் அறையில் சாறு ஊற்றி, மற்றதில் வெள்ளைத் துணியை வைத்து மூடி, கவிழ்த்துக் குலுக்கினாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஆல்பர்ட்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அசிங்கமா இருக்கு" என்றாள். பிறகு, "மூணு எடு" என்றாள்.

"எதுக்கு மூணு?"

"செவ்வாய்க்கிழமை நீயும்தான் சாப்பிடறதில்ல. நாங்க பாக்கலன்னு நினைச்சியா?"

அந்தச் செவ்வாயன்று விளையாட்டுக்கூடத்தின் வாசலில், மழையில் வண்டியை நிறுத்திவிட்டு மூவரும் சாப்பிட்டோம். கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மங்கியது. ஆல்பர்ட்டே கடைசித் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, காலி டப்பாவை என் மடியில் போட்டாள். "அடுத்த வாரம் ரொட்டி இன்னும் ஒண்ணு வைப்பா, பத்தல" என்று சொல்லிவிட்டு, மழையில் உள்ளே ஓடினாள்.