சிவப்புத் துணி முடிச்சு

மேற்கே சூரைமீன் பிடிக்கும் கப்பல்காரர்கள் தெபானோவின் படகைத்தான் கண்டெடுத்தார்கள். அவன் அதில் இல்லை. பெட்ரோல் கேன் காலி.

"அண்ணி அரை கேன்தான் ஊத்தி அனுப்பியிருக்கா" என்று அவன் தம்பி பௌரோ அபையாங் தீவு முழுக்கச் சொல்லிவிட்டான். அதன்பின் கோயிலில் தெபானோவின் மனைவி ரக்கேராவின் பக்கத்தில் பாய் போட்டு உட்கார ஆளில்லை. ஊரில் இன்ஜின் பழுது பார்ப்பவன் என்று அவள் என்னைத் தேடி வந்தாள்.

"கையேயா அண்ணே, நான் வழிய வழிய ஊத்துனேன். அது எங்க போச்சுன்னு இன்ஜினைப் பாத்துச் சொல்லு."

பௌரோவும் நானும் இன்ஜினைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டினோம். கயிற்றை இழுத்து இழுத்து எனக்குத் தோள் கழன்றது.

"தென்னங்கள்ளு இறக்குற கை, இதுக்கு ஆவாது பெருசு. விடு!" என்றான் பௌரோ.

"உங்கண்ணன் இன்ஜின், உன்ன மாதிரியே சோம்பேறி" என்றேன்.

ஒருவழியாகப் பற்றியது. கரும்புகை. பீப்பாய்த் தண்ணீரில் பெட்ரோல் படலம் மின்னியது. வேகம் கொடுத்தால் திணறியது. நிறுத்தினேன்.

"பெட்ரோல் மிஞ்சுது, காத்து பத்தல. குடிகாரன் மாதிரி குடிக்குது. கேன் நெறைய இருந்தாலும் பாதிக் கடலுக்குத்தான் வரும்."

ரக்கேரா பௌரோவைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்தான்.

பிளக்கைக் கழற்றினேன். ஈரக்கரி. சோக் திறந்துதான் இருந்தது. கார்பரேட்டர் மிதவையிலும் குறையில்லை. மிச்சம் காற்றுப் பெட்டி.

இன்ஜின் மேல்மூடி எப்போதோ உடைந்து போயிருந்தது. அப்படிப்பட்ட இன்ஜினுக்குப் படகு கரையேறியதும் மணல் புகாமல் காற்றுவாயில் துணி செருகுவோம். துணியின் ஒரு முனையில் முடிச்சு போட்டு அதை வெளியே தொங்கவிடுவோம். விடியலில் போகிறவன் முடிச்சைத் தடவிப் பிடித்து உருவிவிடுவான். தெபானோவுக்கு அதைச் செருகுவது ரக்கேரா.

பெட்டியைத் திறந்தேன். சிவப்புப் பூப்போட்ட துணி பாதி வழியை அடைத்துக் கிடந்தது. முடிச்சு உள்ளே, கடைசியில். தலைகீழாகச் செருகியிருக்கிறாள். இருட்டில் தடவிய கைக்கு எதுவும் அகப்பட்டிருக்காது.

துணியை உருவிக் கையில் சுருட்டினேன். அதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

"முடிச்சு எந்தப் பக்கம் இருந்துச்சு அண்ணே?"

"வாய்ப் பக்கம்."

"வெளிய தொங்குச்சா?"

"தொங்கித்தான் இருக்கும். இன்ஜின் உறிஞ்சி உள்ள இழுத்திருக்கு."

கை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவள் துணியை முழங்காலில் விரித்து நீவினாள். ஒரு முனை கடலுப்பில் வெளுத்து விறைத்திருந்தது. முடிச்சு இருந்த முனைதான் கார்பரேட்டர் துப்பிய பெட்ரோலில் ஊறிக் கறுத்திருந்தது. எது உள்ளே இருந்தது என்று குருடனுக்கும் தெரியும்.

"சரிண்ணே" என்றாள்.

பிளக்கைத் துடைத்து மாட்டினேன். பௌரோ ஒரே இழுப்பில் கிளப்பினான். புகையே இல்லை. சத்தம் சீராக வந்தது.

"பாத்தியா பெருசு! புதுசு மாதிரி ஓடுது!" சிரித்தவன், அண்ணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறுகியிருந்தது.

"நிறுத்தச் சொல்லுண்ணே" என்றாள். இன்ஜின் சத்தத்தில் பௌரோவுக்குக் கேட்கவில்லை. நானே எழுந்து போய் நிறுத்தினேன்.